ஒரு கோல்ஃப் ஹோலை எப்படி எடைபோடுவது?

கோல்ஃப் ஆடிவிட்டு வருகிறவர்களிடம் "மைதானம் எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "சூப்பரா இருக்கு, எங்க பாத்தாலும் பச்சை." இன்னொன்று, "ரொம்ப கஷ்டம்ப்பா, பந்து போயிட்டே இருந்துச்சு." முதலாவது புல்லைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு. இரண்டாவது அன்றைக்கு அவர் எப்படி ஆடினார் என்பதைச் சொல்கிறது. அந்த ஹோலை யோசித்துப் போட்டார்களா, இடம் கிடைத்தது என்று போட்டார்களா என்பதற்கு இரண்டிலுமே பதில் இல்லை.

ஓசூர்ப் பக்கம் கோல்ஃப் மைதானம் இருக்கிறது, பெங்களூரு மைதானங்களும் தூரமில்லை என்பதால், கிருஷ்ணகிரியில் என் பழக்கத்தில் இருக்கும் சிலர் கம்பெனி நண்பர்களோடு இந்த ஆட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விதான் இந்தக் கட்டுரை. நல்ல ஹோல் எது, சுமாரான ஹோல் எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோல் என்றால் பந்து விழுகிற நாலேகால் அங்குலக் குழி மட்டும் இல்லை. முதல் அடி அடிக்கிற டீயிலிருந்து கொடி நிற்கிற கிரீன் வரைக்கும் உள்ள மொத்த நிலமும் ஒரு ஹோல். நடுவில் ஒட்ட வெட்டிய புல் ஃபேர்வே, அதன் ஓரங்களில் வளரவிட்ட புல் ரஃப், மணல் போட்ட பள்ளம் பங்கர். ஒவ்வொரு ஹோலுக்கும் பார் என்று ஒரு எண்ணிக்கை உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் கிரீனுக்கு வந்து சேர எத்தனை அடி தேவையோ, அதோடு கிரீனில் உருட்டுவதற்கு இரண்டு அடி. பார் 4 என்றால் இரண்டு அடியில் கிரீன், இரண்டு புட். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். டீயில் நின்று பார்க்கும்போது உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி தெரிகிறதா? ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலையும் ஒரு லாபமும் இருக்கிறதா? ஹோலை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆபத்தை ஒட்டி அடித்தால் அடுத்த அடி சுலபமாக வேண்டும். ஒதுங்கி அடித்தால் பத்திரம், ஆனால் அடுத்த அடி கொஞ்சம் சிரமமாக வேண்டும். யோசிக்க இடம் கொடுக்கிற ஹோல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எனக்கு நல்ல ஹோல்தான். யோசிக்க ஒன்றுமே இல்லாமல் 450 யார்டுக்கு நீட்டி வைத்த ஹோலில் பலம் மட்டும்தான் பேசும்.

கோல்ஃப் வடிவமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹோல்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். தவறினால் தண்டனை, வேறு வழியே இல்லை என்பது ஒரு வகை. வழியை நீங்களே தேர்ந்துகொள்ளலாம், தேர்வுக்கேற்ற பலன் என்பது இரண்டாவது. ஒரு பெரிய தாண்டல் முன்னால் நிற்கும், துணிந்தவர் தாண்டலாம், மற்றவர் சுற்றிப் போகலாம் என்பது மூன்றாவது. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காகிதத்தில் ஒரு ஹோலை நாமே போட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் தானாக விளங்கிவிடும்.

நம் ஊர்ப்பக்கம் ஒரு நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பாறைக் குன்று, அடிவாரத்தில் செம்மண் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் ஒரு ஏரி, கரையில் வரிசையாகப் பனை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்படி ஒரு இடத்தைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. இங்கே 380 யார்டில் ஒரு பார் 4 போடுவோம்.

முதல் திட்டம்: டீக்கு நேர் எதிரே ஏரி, அதைத் தாண்டி ஃபேர்வே. தண்ணீரைக் கடக்க 180 யார்டு பந்து காற்றிலேயே பறக்க வேண்டும். நன்றாக அடிப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஏரி இருப்பதையே மறந்துவிடுவார். 150 யார்டு அடிக்கிற பெரியவருக்கோ இங்கே ஆட்டமே இல்லை. பந்து தண்ணீரில் விழும், அபராத அடி, மறுபடி அதே தண்ணீர். ஒருவருக்கு இல்லாத ஏரி, இன்னொருவருக்குச் சுவராக நிற்கிறது. இருவரிடமும் இந்த ஹோல் எதையும் யோசிக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது திட்டம்: அதே ஏரி, அதே நீளம். டீயை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, கரை குறுக்குச் சாய்வாக இடது பக்கம் ஓடும்படி வைக்கிறோம். ஹோல் ஏரியைச் சுற்றி இடப்பக்கம் வளைகிறது. இப்போது வலது ஓரமாக அடித்தால் 100 யார்டு தாண்டினாலே தரை வந்துவிடும், ஆனால் கிரீனுக்கு 180 யார்டு போல பாக்கி இருக்கும். இடது பக்கம் துணிந்து 220 யார்டு தண்ணீரைத் தாண்டினால் பாக்கி 130தான். நடுவில் எவ்வளவு தாண்டுவது என்பதை அவரவர் பலத்தையும் அன்றைய தைரியத்தையும் பொறுத்து அவரவரே முடிவு செய்கிறார்கள். 150 யார்டு அடிக்கிற பெரியவரும் வலது பக்கமாக நிம்மதியாக நடந்து வந்து, மூன்று அடியில் கிரீன் சேர்ந்து, ஒரு நல்ல புட்டில் பார் எடுக்கலாம். கேப் என்று சொல்லும் ஹோல் வகை இதுதான். அமெரிக்காவில் லாங் ஐலண்டில் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் உருவாக்கிய நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸின் 14ஆவது ஹோல் இந்த வகைக்குப் பேர்போனது.

இதோடு வேலை முடிந்ததென்று நினைத்தால், பாதிதான் முடிந்தது. கிரீனை எப்படி வைப்பது? இங்கேதான் பல ஹோல்கள் கெட்டுப்போகின்றன. கிரீன் இடது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு நீளவாக்கில் திறந்திருக்க வேண்டும். வலது முன்புறத்தில் ஒரு பங்கர் காவல் இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரைத் தாண்டியவருக்கு நேர்வழி கிடைக்கும், ஒதுங்கியவர் பங்கருக்கு மேலே உயர்த்தி அடிக்க வேண்டி வரும். இதே பங்கரை இடது முன்புறத்துக்கு மாற்றிப் பாருங்கள். உயிரைக் கொடுத்து ஏரியைத் தாண்டி வந்தவருக்குத் தூரம் குறைந்தாலும் முன்னால் மணல். பத்திரமாக வலதில் வந்தவருக்குத் திறந்த வாசல். கொஞ்ச நாளில் எல்லோரும் வலது பக்கமே அடிப்பார்கள், அவ்வளவு அழகான ஏரி படம் எடுக்க மட்டும் பயன்படும். டீயில் வாங்கிய ஆபத்துக்குக் கிரீனில் கூலி கிடைக்கிறதா? ஒரு ஹோலைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

அதனால்தான் ஹோலைக் கிரீனிலிருந்து பின்னோக்கிப் பார்க்கச் சொல்வேன். ஆடி முடித்ததும் உடனே அடுத்த டீக்குப் போகாமல் (பின்னால் ஆட்கள் காத்திருக்காவிட்டால்) திரும்பி நின்று வந்த வழியைப் பாருங்கள். கொடியை நோக்கி எந்த இடத்திலிருந்து அடித்தால் சுலபம் என்று இங்கிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். அந்த இடத்துக்குப் பந்தை அனுப்ப டீயில் என்ன துணிச்சல் தேவைப்பட்டது என்று பாருங்கள். ஒன்றுமே தேவைப்படவில்லை என்றால், ஃபேர்வேயில் எங்கே நின்றாலும் ஒரே மாதிரிதான் என்றால், அங்கே ஃபேர்வே வெறும் புல்.

நம் ஏரிக்கரை ஹோலில் இன்னொன்றும் இருக்கிறது. நிலம் ஏரியை நோக்கித்தானே சரியும்? பத்திரமாக வலதில் விழுந்த பந்தும் சரிவில் இடப்பக்கம் உருளும். மழை பெய்து புல் தழைத்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பந்து விழுந்த இடத்தில் நின்றுவிடும். பங்குனி, சித்திரையில் செம்மண் இறுகிக் கல்லாகக் கிடக்கும்போது அதே பந்து உருண்டு உருண்டு தண்ணீருக்கே போய்விடலாம். இது குறையா? என்னைக் கேட்டால், உருளும் என்று டீயிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தால் குறை இல்லை. சரிவைக் கணக்கில் எடுத்து இன்னும் வலதில் அடிக்கலாம், அல்லது கரைக்கு முன்னால் கொஞ்சம் ரஃபை வளரவிட்டுப் பந்தைப் பிடிக்கலாம். சரிவு கண்ணுக்கே தெரியாமல் மேடு மறைத்தால்தான் குறை. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் எச்சரிக்கைப் பலகையே இல்லாமல் லாரியை விடுவது மாதிரி அது. ஆபத்து எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆடுகிறவருக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும்.

மறைந்திருக்கும் எதுவுமே தப்பு என்றும் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் டீயிலிருந்து கண்ணுக்குப் படாத பங்கர்கள் நிறைய. 17ஆவது ஹோலில் முதல் அடியை ஹோட்டல் வளாகத்துக் கொட்டகைகளின் மேலாகத்தான் அடிக்க வேண்டும், பந்து விழுகிற இடமே தெரியாது. ஆனாலும் உலகத்தின் தலைசிறந்த பார் 4களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். காரணம் மறுபடியும் கிரீன்தான். வலது பக்கம் எல்லைக்கோட்டை ஒட்டி அடித்தவருக்குக் கிரீன் கொஞ்சம் திறக்கும். பயந்து இடது பக்கம் போனவருக்கு முன்னால் ஆழமான பங்கர், கிரீனுக்குப் பின்னால் தார்ச்சாலை, அதற்கும் பின்னால் கல்சுவர். குறுகலான கிரீனில் பந்தை நிறுத்தப் பெரிய வித்தை வேண்டும். முதல்முறை ஆடுகிறவருக்கு அநியாயமாகப் படும், பலமுறை ஆடியவருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ தெரியும். முதல்நாளே ஹோலைத் திட்டிவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வடிவமைப்பாளர்களில் அலிஸ்டர் மெக்கென்சியின் பேச்சு எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்திருக்கிறது. மருத்துவம் படித்தவர், போர்க்காலத்தில் எதிரி கண்ணுக்குத் தெரியாமல் பதுங்குகுழிகளை மறைக்கும் வேலையிலும் இருந்தவர். பிறகு கோல்ஃப் மைதானங்கள் பக்கம் வந்து, புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தை உருவாக்கினார். துணிச்சலான தாண்டல்கள் மைதானத்தில் போதுமான அளவு இருக்க வேண்டும், ஆனால் பலமில்லாத ஆட்டக்காரர் ஓர் அடியை இழந்தாவது சுற்றிப் போக எப்போதும் ஒரு மாற்றுவழி திறந்திருக்க வேண்டும் என்பது 1920இல் அவர் எழுதிவைத்த விதிகளில் ஒன்று. நூறு வருடம் கழித்தும் ஒரு ஹோலை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் என் கைக்குக் கிடைக்கவில்லை.

அந்த அளவுகோலை வைத்து மிகப் பிரபலமான ஒரு ஹோலைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிபிசி சாக்ராஸ் மைதானத்தின் 17ஆவது ஹோல். 137 யார்டு பார் 3. கிரீன் தண்ணீருக்கு நடுவில் தீவு. 1980இல் திறந்த இந்த மைதானத்தை வடிவமைத்தவர் பீட் டை. அந்த இடத்தில் நல்ல மணல் கிடைத்ததால் தோண்டித் தோண்டி எடுத்துப் பெரிய பள்ளமாகிவிட, அதில் தண்ணீர் விட்டுத் தீவாக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி ஆலிஸ் டை. டிவியில் பார்க்க நெஞ்சு படபடக்கும். ஆனால் மெக்கென்சியின் விதிப்படி இங்கே மாற்றுவழி கிடையாது. கிரீன் அல்லது தண்ணீர், அவ்வளவுதான்.

அப்படியானால் அது மோசமான ஹோலா? என் கருத்து: தனியாகப் பார்த்தால் சுமார், வரிசையில் வைத்துப் பார்த்தால் நல்ல ஹோல். தூரம் குறைவு, கையில் இருப்பது சின்ன அயர்ன் (குறைந்த தூரத்துக்கு அடிக்கிற இரும்புத்தலை மட்டை), முடிவுக்கு இன்னும் ஒரே ஹோல்தான் பாக்கி. போட்டியின் பாரம் முழுக்க அந்த ஓர் அடியில் வந்து இறங்குகிறது. ஒரு மைதானத்தில் இப்படி ஒன்று இருக்கலாம். இதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் தங்கள் மைதானத்தில் தீவுக் கிரீன் போட்டு, அதுவும் 180 யார்டில் போட்டு, வார இறுதியில் ஆட வருகிற சாதாரணக்காரர்களை வதைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தீவுக் கிரீனுக்கு நேர் எதிர்க்கோடி, ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் மைதானத்து 15ஆவது ஹோல். ரெடான் என்று பெயர், இதுவும் பார் 3. கிரீன் முன்புறம் வலதிலிருந்து பின்புறம் இடதுக்குச் சாய்வாகக் கிடக்கிறது, சரிவும் அதே திசையில், ஆடுகிறவரை விட்டு விலகிப் போகிறது. இடது முன்புறத்தில் ஆழமான பங்கர். கொடிக்கு நேராக உயர்த்தி அடித்தால் பங்கரைத் தாண்ட வேண்டும், தாண்டினாலும் சரிவில் பந்து நிற்காமல் ஓடும். அடிக்கத் தெரிந்தவர் வலது முன்புற மேட்டில் பந்தைப் போட்டு, நிலமே அதை உருட்டிக் கொடிக்குக் கொண்டுபோகும்படி விடுவார். பலம் குறைந்தவரும் தரையோடு உருட்டி அதே வழியில் போகலாம். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நிலத்தின் சாய்வு மட்டும்தான். மெக்டொனால்ட் இதை நேஷனலின் 4ஆவது ஹோலில் எடுத்தாண்டார், அதன் பிறகு உலகம் முழுக்க இதன் வாரிசுகள் வந்துவிட்டன. கிருஷ்ணகிரி போலத் தண்ணீருக்குத் திண்டாடுகிற, மேடு பள்ளத்துக்குக் குறைவில்லாத ஊருக்கு நான் சிபாரிசு செய்வது தீவை இல்லை, ரெடானைத்தான். குன்றின் அடிவாரச் சரிவே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும்.

மரங்களைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாந்தோப்புக்குள்ளே ஹோல் போட்டால் எவ்வளவு அழகு என்று தோன்றும். கவாத்துப் பண்ணாத மாமரத்தில் கிளை தரைவரைக்கும் தாழ்ந்து அடர்த்தியாக இருக்கும். பந்து அடியில் போய்விட்டால் மட்டையை ஓங்கவே இடமிருக்காது, பக்கவாட்டில் தட்டி வெளியே கொண்டுவருவது ஒன்றுதான் வழி. அதாவது யோசிக்க எதுவும் இல்லை. பனையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டு ஒற்றையாக நிற்கும், தலை உயரத்தில் இருக்கும். பந்து பின்னால் விழுந்தாலும் தாழ அடித்து இடையில் நுழைக்கலாம், வளைத்து அடிக்கலாம், பயமாக இருந்தால் ஒதுங்கலாம். மூன்று வழி. ஃபேர்வே ஓரத்தில் பனை நிற்கட்டும், மாந்தோப்பைப் பந்து அதிகம் போகாத தூரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் வாதம். ஒரே மரத்தை நம்பி ஒரு ஹோலின் மொத்த யோசனையையும் கட்டுவதும் ஆபத்து. ஒரு சூறைக்காற்றில் மரம் விழுந்தால் ஹோலும் விழுந்துவிடும்.

காற்றும் வெயிலும் வரைபடத்தில் தெரியாது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது பந்து என்ன செய்யும்? ஓசூர் மேட்டில் ஆடி மாதம் மேற்கு நோக்கி ஆடுகிற ஹோலில் 150 யார்டு தாண்டல் என்பது வேறு கணக்கு. தை மாதம் அமைதியான காலையில் நியாயமாக இருந்தது, ஆடியில் நடக்காத காரியமாகிவிடும். கட்டாயத் தாண்டலை எப்போதும் காற்றை எதிர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வெயில் இன்னும் எளிமையான விஷயம். இங்கே விடிந்ததும் ஆடத் தொடங்குகிறோம், சிலர் சாயங்காலம் முடிக்கிறார்கள். முதல் ஹோல் கிழக்கைப் பார்த்தோ கடைசி ஹோல் மேற்கைப் பார்த்தோ இருந்தால் அடித்த பந்து எங்கே போனதென்றே தெரியாமல் கண் கூசும். இதை ஆரம்பத்திலேயே யோசிக்காத மைதானம், மற்ற எதையும் பெரிதாக யோசித்திருக்காது என்பது என் அனுபவம்.

நல்ல ஹோலும் காலத்தால் பழசாகும். அகஸ்டாவின் 13ஆவது ஹோல் இடப்பக்கம் வளைகிற பார் 5. ஓடை ஒன்று இடது ஓரமாக வந்து கிரீனுக்கு முன்னால் குறுக்கே போகிறது. ஓடையை ஒட்டித் துணிந்து அடித்தவர் இரண்டாவது அடியிலேயே கிரீனுக்குக் குறிவைக்கலாம். வாங்கிய ஆபத்துக்குக் கூலி கொடுக்கிற ஹோலுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் மட்டையும் பந்தும் மாறி ஆட்டக்காரர்கள் 300 யார்டுக்கு மேல் சர்வசாதாரணமாக அடிக்கத் தொடங்கியதும் இரண்டாவது அடி சின்ன அயர்னுக்கு வந்துவிட்டது. தயங்கி நின்று யோசிக்க வேண்டிய இடத்தில் தயக்கமே இல்லாமல் போனது. அங்கே நடக்கிற மாஸ்டர்ஸ் போட்டிக்காக 2023இல் டீயைப் பின்னால் தள்ளி 510 யார்டை 545 ஆக்கினார்கள். ஹோல் அதேதான், எதிரே நிற்கிறவர் மாறிவிட்டார். ஆகவே எந்த ஹோலைப் பற்றிப் பேசினாலும் எந்த டீயிலிருந்து, எவ்வளவு அடிக்கிறவருக்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களும் பெரியவர்களும் ஆடுகிற முன் டீயில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். அங்கிருந்தும் அந்த இரண்டு வழி தெரிகிறதா, அல்லது சும்மா தூரத்தைக் குறைத்து ஒரு மூலையில் டீயைத் தள்ளிவிட்டார்களா என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பழகிக்கொள்ள ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். ஆடி முடித்ததும் டீ குடிக்கிற நேரத்தில், ஏதாவது ஒரு ஹோலை மட்டும் எடுத்துப் படம் போடுங்கள். கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை. நீங்கள் டீயில் எங்கே குறிவைத்தீர்கள், ஏன், கூட வந்தவர்கள் எங்கே குறிவைத்தார்கள் என்று கோடு போட்டுக் காட்டுங்கள். நாலு பேரும் ஒரே இடத்துக்குக் குறிவைத்திருந்தால் அதையும் எழுதுங்கள், அதுவே ஒரு விமர்சனம். ஸ்கோரை அந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம். பார் எடுத்த ஹோல் நல்ல ஹோலாகவும், பந்து தொலைந்த ஹோல் கெட்ட ஹோலாகவும் தெரிவது எல்லோருக்கும் வருகிற மயக்கம். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிற கேடி (caddie) பக்கத்தில் இருந்தால் அவரிடம் கேளுங்கள். "அண்ணா, இந்த ஹோல்ல வழக்கமா ஆடறவங்க எந்தப் பக்கம் அடிப்பாங்க?" தினமும் நூறு பந்து எங்கே விழுகிறதென்று பார்க்கிறவர் அவர், வடிவமைப்பாளர் நினைத்தது நடக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். பிறகு, கிரீனில் கொடி இடது ஓரத்தில் நட்டிருந்த நாளில் எழுதியதை, வலது ஓரத்துக்கு மாற்றி நட்ட இன்னொரு நாளில் அதே டீயில் நின்று திருத்தி எழுதுங்கள்.